சுருட்டை முடி நாயும் சூரப்புலியும்

திரைச்சீலைக் கடையில் ஜன்னல் அளவெடுக்கிற ஓர் ஆளுக்கு சூரப்புலி என்ற பெயர் எப்படி வந்தது என்றால், அவர் மச்சானைத்தான் கைகாட்ட வேண்டும். மச்சான் கறிக்கடைக்காரர். கல்யாணமான புதிதில் ஒரு நாள் தங்கை வீட்டுக்கு வந்தவர், மாப்பிள்ளை சாப்பாட்டு மேஜை மேல் ஏறி நின்று உத்தரவு போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தார். கீழே தங்கை துடைப்பத்தோடு ஓர் எலியை விரட்டிக்கொண்டிருந்தாள். "எறங்குங்க சூரப்புலி, அது போயிருச்சு" என்றார் மச்சான். அன்று ஒட்டிய பெயர். வேடிக்கை என்னவென்றால் நம்மாளுக்கு அது கேலி என்றே உறைக்கவில்லை. போனை எடுத்தால் "சூரப்புலி பேசறேன்" என்பார்.

அவர் மனைவி முட்டை வண்டி ஓட்டுகிறாள். சொந்தமாக ஒரு மினி லாரி. பண்ணையில் அட்டை அட்டையாக முட்டை ஏற்றி, கடை கடையாக இறக்குவாள். மேட்டிலும் பள்ளத்திலும் ஒரு முட்டை விரிசல் விடாமல் ஓட்டுகிற கை. வீட்டு வாடகை, கரண்ட், காஸ் எல்லாம் அந்த வண்டியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. சூரப்புலியின் சம்பளம் அவருடைய ஆசைகளுக்கே போதாது.

ஆசைகள் என்றால் கொஞ்சநஞ்சமா. மீன் தொட்டி ஒன்று வாங்கினார். முதல் வாரம் மீன்களுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இரண்டாவது வாரம் நாற்காலி இருந்தது, ஆளைக் காணோம். தொட்டித் தண்ணீரை மாற்றியது யாரென்று சொல்லத் தேவையில்லை. அப்புறம் கிட்டார். அப்புறம் வயிற்றைக் குறைக்கிற இரும்பு இயந்திரம். அதில் இப்போது துண்டு காய்கிறது. எதை எடுத்தாலும் வாங்குவது அவர், பீற்றிக்கொள்வது அவர், கடைசியில் கழுவித் துடைப்பது அவள்.

காட்டுப்பன்றி மோகம் பிடித்தது மச்சானால்தான். ஊருக்கு வெளியே சோளக் காடுகளில் பன்றிகள் புகுந்து நாசம் பண்ணும். அனுமதிச் சீட்டு வைத்திருக்கிற கோஷ்டி ஒன்று உண்டு. கட்டட மேஸ்திரி தலைவர், கறிக்கடைக்காரர் அவருக்கு வலது கை. விவசாயிகள் கூப்பிட்டால் நாய்களோடு போவார்கள். மேஸ்திரியிடம் இருந்தவை எல்லாம் எந்த ஜாதியென்று எவரும் சொல்ல முடியாத நாய்கள். காது கிழிந்தது, வால் பாதி போனது, ஒரு கண் மங்கியது. ஆனால் தொழில் தெரிந்தவை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் போன இடத்தில் கறிக்கடைக்காரர் வேட்டைக் கதை சொன்னார். சூரப்புலி வாயைப் பிளந்து கேட்டார். மறுவாரமே போனில் ஒரு வீடியோவைத் தூக்கிக்கொண்டு மச்சான் கடைக்குப் போய்விட்டார். ஏதோ ஒரு தேசத்தில், யாரோ ஒருவர், பூடில் நாயை வைத்துப் பன்றி பிடிக்கிறார்.

"வெளிநாட்டுல விஷயம் தெரிஞ்சவனெல்லாம் இதுக்கு மாறிட்டான் மச்சான். நீங்கதான் இன்னும் தெரு நாயைக் கட்டிக்கிட்டு அழறீங்க."

கறிக்கடைக்காரர் வீடியோவைப் பார்த்தார். உடம்பெல்லாம் சுருள் முடி, நீண்ட மூக்கு, ஒயிலான நடை. "மாப்பிள்ளை, இது பன்னியப் பிடிக்கவா, இல்ல பன்னிக்குத் தலை வாரி விடவா?" என்றார். கறி வாங்க வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

சிரித்தால் அடங்குகிற ஆளா. அழகுநிலையம் நடத்திய அம்மா ஒருவர் ஊர் மாறிப் போகும்போது விற்ற பூடிலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். இடுப்புயரம் இருந்தது. கன்னங்கரேல் என்று சுருள் முடி. அதற்கு பிரின்ஸ் என்று பெயர் வைத்தார். முட்டை வண்டிக்காரி வாசலில் நின்று அதை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னொரு மீன் தொட்டி" என்றாள். அவள் அதைச் சுருட்டை என்றே கூப்பிட்டாள்.

முதல் மாதம் அவளுக்கு அந்த நாயைக் கண்டாலே எரிச்சல். முடி சிக்கு விழாமல் தினமும் சீவ வேண்டும். சோபாவில் முடி, சோற்றில் முடி. ஆனால் சீவச் சீவ அது கண்ணை மூடிக்கொண்டு அவள் முழங்காலில் தாடையை வைத்துக்கொள்ளும். காலையில் வண்டியைக் கிளப்பினால் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். முட்டை அட்டையை ஒரு நாளும் மூக்கால் தொட்டதில்லை. கடைக்காரர் எவராவது குரலை உயர்த்திப் பேசினால் சீட்டிலிருந்து எழுந்து நிற்கும், அவ்வளவுதான். அவளிடம் குரலை உயர்த்துகிறவர்கள் குறைந்துபோனார்கள். இரண்டாவது மாதம் அவள் சோபாவைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள்.

இந்த வேட்டையில் நாய்களுக்குள் இரண்டு வேலை. குரைக்கிற நாய் பன்றியைத் தேடிப் பிடிக்கும், ஆனால் கடிக்காது. முகத்துக்கு முகம் நின்று, பாய்ந்தால் விலகி, திரும்பினால் குறுக்கே போய், விடாமல் குரைத்துப் பன்றியை அங்கேயே நிறுத்தி வைக்கும். ஆள் வந்த பிறகுதான் பிடிநாயை அவிழ்த்துவிடுவார்கள். அது காதைக் கவ்வும், அந்தக் கணத்தில் ஈட்டி இறங்கும். ஆக, குரைக்கிற நாயின் உயிர் ஆள் எவ்வளவு சீக்கிரம் வருகிறார் என்பதில் இருக்கிறது. வரத் தாமதமானால் நாய்க்கு மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் கால் பிந்தும். அப்புறம் பன்றியின் கோரைத் தந்தம்தான்.

மேஸ்திரி கோஷ்டியில் ஒரு சட்டம் உண்டு. எந்த நாய் குரைக்கிறதோ அதன் சொந்தக்காரர்தான் முதலில் உள்ளே போக வேண்டும். அவர் குரல் கேட்டால்தான் நாய் ஒதுங்கி வழி விடும். வேறு ஆள் முன்னால் போனால் நாய் யாரென்று திரும்பிப் பார்க்கும், அந்த ஒரு பார்வைக்குள் பன்றி அதைக் கிழித்துப் போட்டுவிடும். இப்படி இரண்டு நல்ல நாய்களைப் பறிகொடுத்த பிறகு போட்ட சட்டம். சொந்தக்காரர் அடி எடுத்து வைக்காமல் மற்றவர்கள் அசைய மாட்டார்கள்.

மேஸ்திரியின் கொட்டகையில் வேலிக்குள் ஒரு பன்றியை விட்டுப் புது நாய்களைப் பழக்குவார்கள். சூரப்புலிக்கு அந்த நேரமெல்லாம் எங்காவது ஜன்னல் அளவு இருந்தது. கூட்டிக்கொண்டு போனது அவள்தான். முதல் நாள் கோஷ்டியே கூடி நின்றது, வயிறு வலிக்கச் சிரிக்கலாம் என்று. சுருட்டை வேலிக்குள் போனது, பன்றியைப் பார்த்தது, நேர் எதிரே நின்று குரைக்க ஆரம்பித்தது. பன்றி முட்ட வந்தபோது நடனக்காரி மாதிரி ஒரு பக்கம் விலகி, மறுபடி அதே இடத்தில் நின்றது. அவள் "வா" என்று சொன்னதும் ஒதுங்கி வந்தது. சிரிக்க வந்தவர்கள் வந்த வேலையை மறந்து நின்றார்கள்.

"குரைக்கறதுக்குன்னே பொறந்திருக்கு" என்றார் மேஸ்திரி. "சொந்தக்காரர் எப்படின்னுதான் தெரியல."

சூரப்புலி கொட்டகைக்கு வந்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் போட்டோ எடுக்க. ஆனால் கடையில் துணி பார்க்க வருகிறவர்களிடம் அவர் அளந்த கதைகளுக்குக் கணக்கில்லை. ஜன்னல் அளவு மட்டும்தான் அவர் சரியாக அளந்தது.

இப்படி இருக்கையில் ஒரு சோளக் காட்டுக்காரர் மேஸ்திரியைக் கூப்பிட்டார். பெரிய ஆண் பன்றி, பாதிக் காட்டைப் புரட்டிவிட்டது. மேஸ்திரியின் நல்ல குரைப்பு நாய்க்குக் காலில் அடி. "மாப்பிள்ளை நாயைக் கொண்டு வரட்டும்" என்று சொல்லி அனுப்பினார். கறிக்கடைக்காரர் பழைய ரப்பர் பெல்ட்டை வெட்டிக் கொடுக்க, அவள் கித்தான் துணி வைத்து ஊசி உடைய உடையத் தைத்து, நெஞ்சையும் விலாவையும் மூடுகிற மாதிரி சுருட்டைக்கு ஒரு சட்டை செய்தாள். தந்தம் பட்டாலும் சறுக்கிப் போகும்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத" என்றார் அண்ணன். "மாப்பிள்ளை உள்ள போவாரா?"

"போவாரு" என்றாள். சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்தாள். போகாவிட்டால் நாய் செத்துவிடும் என்பது இருவருக்கும் தெரியும். அதை எதற்கு வாயால் வேறு சொல்வது.

சூரப்புலி செய்த ஏற்பாடு வேறு. நாயை முடிவெட்டக் கூட்டிப் போனார். திரும்பி வந்தபோது அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இடுப்பும் விலாவும் மழமழவென்று மழித்திருந்தது. நெஞ்சில் ஒரு பெரிய பந்து, கணுக்காலுக்குக் கணுக்கால் ஒரு சின்னப் பந்து, வால் நுனியில் ஒன்று. முள்ளையும் குச்சியையும் தடுக்கக் கடவுள் கொடுத்திருந்த அந்த அடர்ந்த முடி, அழகுக்கென்று போய்விட்டது.

"இதுதான் ஒரிஜினல் கட்டிங்" என்றார் சூரப்புலி. "நாளைக்கு போட்டோ வருமில்ல."

மறுநாள் காலை வெயில் ஏறிய பிறகு சோளக் காட்டோரம் வண்டிகள் நின்றன. முட்டை அட்டைகளை இறக்கிவிட்டு, நாய்களையும் ஆட்களையும் ஏற்றி வந்தது அவள் லாரி. சூரப்புலி முழங்கால் வரை பூட்ஸ், பை பையாகத் தைத்த காக்கிச் சட்டை, இடுப்பில் இரண்டு கத்தி என்று வந்திருந்தார். மேஸ்திரி லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். காட்டுக்கு நடுவே ஒரு குட்டை. சுற்றிலும் ஆளுயர நாணல். பகலில் பன்றி அதற்குள்தான் படுத்திருக்கும் என்றார் காட்டுக்காரர்.

அவள் லாரியைத் திருப்பி நிறுத்துவதற்குள் குரைப்பு நாயை அவிழ்த்துவிட்டார்கள். சுருட்டை மூக்கைத் தூக்கிக் காற்றை மோப்பம் பிடித்துவிட்டு நாணலுக்குள் மறைந்தது. அவள் கதவைத் திறக்கப் போனவள், பக்கத்து சீட்டைப் பார்த்தாள். சுருட்டைக்கு அவள் மாட்டிவிட்ட ரப்பர் சட்டை, ஜன்னல் வழியாக உள்ளே போட்டபடி அங்கே கிடந்தது.

"என்னங்க, சட்டைய எதுக்குக் கழட்டுனீங்க?"

"போட்டோவுக்குத்தான். அதைப் போட்டா கட்டிங்கே தெரியல" என்றார் சூரப்புலி. "திரும்பப் போடறதுக்குள்ள மேஸ்திரி அவிழ்த்துட்டாரு." குற்றம் மேஸ்திரி மேல் போய்ச் சேர்ந்தது. அவருடைய குற்றங்கள் எல்லாமே இப்படி வீடு மாறிப் போகும்.

அவள் பதில் சொல்வதற்குள் குரைப்பு கேட்டது. நாணலுக்குள்ளிருந்து, ஒரே இடத்திலிருந்து, கனமாக, இடைவெளியில்லாமல். கொட்டகையில் கேட்ட அதே குரைப்பு. நடுவே ஓர் உறுமல். நாணல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

"மடக்கிருச்சு" என்றார் மேஸ்திரி. ஈட்டியை எடுத்துக்கொண்டார். கறிக்கடைக்காரர் பிடிநாயின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். எல்லோரும் சூரப்புலியைப் பார்த்தார்கள். "நடங்க மாப்பிள்ளை. உங்க நாய்."

சூரப்புலி நாலு அடி நடந்தார். நின்றார். பூட்ஸ் கயிற்றைப் பார்த்தார். அது கட்டித்தான் இருந்தது. அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"இது மடக்குன குரல் மாதிரி தெரியலையே" என்றார். "சும்மா முயல் கியலா இருக்கும்."

"முயல் உறுமுமா?" என்றார் மேஸ்திரி.

"காத்து எந்தப் பக்கம் அடிக்குது?"

"எந்தப் பக்கம் அடிச்சா என்ன, பன்னி நாய் முன்னாடி நிக்குது. நடங்க."

சூரப்புலி இன்னும் இரண்டு அடி நடந்து வரப்பின் மேல் ஏறினார். அங்கேயே நின்றுகொண்டு வாயருகே கையைக் குவித்து நாணலைப் பார்த்துக் கத்தினார். "பிரின்ஸ், வந்துக்கிட்டே இருக்கேன்டா. வந்துக்கிட்டே இருக்கேன்."

லாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தவள் சட்டென்று வரப்பைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வார்த்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு முறை பாலத்து இறக்கத்தில் எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் அவள் வண்டியில் உரசி விழுந்தார். தப்பு அவர் மேல். ஆனால் கூட்டம் சேர்ந்துவிட்டது. பொம்பளை ஓட்டினால் இப்படித்தான் என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். ஒருவன் கதவைப் பிடித்து இழுத்தான். அட்டைகள் சரிந்து மஞ்சள் கரு ரோட்டில் ஓடியது. அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கணவருக்குப் போன் பண்ணினாள். "வந்துக்கிட்டே இருக்கேன்" என்றார். திரும்பப் பண்ணினாள். "வந்துக்கிட்டே இருக்கேம்மா, பயப்படாத." அந்த நேரத்தில்தான் ரோட்டுக்கு எதிர்ப்புறம், பழக்கடைக் குடைக்குப் பின்னால், காலையில் அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்த நீலச் சட்டையைப் பார்த்தாள். காதில் போனை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். போலீஸ் வந்து கூட்டம் கலைந்த பிறகு மூச்சிரைக்க ஓடி வந்தார். இதை அவள் அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் வெட்கம் அவளுக்கல்லவா.

நாணலுக்குள் குரைப்பு கொஞ்சம் கம்மியது. இடைவெளி விழ ஆரம்பித்தது. ஆனால் நிற்கவில்லை. சொல்லிக் கொடுத்த வேலையை அது செய்துகொண்டிருந்தது. ஆள் வரும் என்று நம்பித்தான் அந்தப் பைத்தியம் நின்றிருந்தது. அவளுக்குக் கண் எரிந்தது.

"அண்ணே, நீங்க போங்களேன்" என்றாள் மேஸ்திரியிடம்.

"நான் போனா அது திரும்பிப் பாக்கும்மா. செத்துரும். சொந்தக்காரர்தான் போகணும்."

"சொந்தக்காரர் நான்தான்" என்றாள். ரப்பர் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டாள். "வாங்கிட்டு வந்தது அவரு. நாய் என்னோடது. வாங்க பின்னாடி."

மேஸ்திரி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அவள் வரப்பைத் தாண்டினாள், ஈட்டி அவள் பின்னால் வந்தது, அதன் பின்னால் அண்ணனும் பிடிநாயும். வரப்பில் நின்றிருந்த கணவரைக் கடந்தபோது அவர் "பாத்துப் போம்மா, வழுக்கும்" என்றார். வழி விட்டு ஒதுங்கி நின்றுதான் சொன்னார்.

நாணலுக்குள் முழங்கால் சேறு. முதலில் பன்றியின் முதுகு தெரிந்தது, மண் பூசிய பாறை மாதிரி. எதிரே சுருட்டை. நெஞ்சுப் பந்து சேற்றில் ஊறித் தொங்கியது. மழித்த விலாவில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் பிளந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அப்படியும் நின்று குரைத்தது. பின்னங்கால் ஒன்று நடுங்கியது.

அவள் கொட்டகையில் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டாள். "சுருட்டை. வா."

அது திரும்பிப் பார்க்கவில்லை. குரலைக் கேட்டதும் பக்கவாட்டில் ஒதுங்கி, பன்றி மேலிருந்து கண்ணை எடுக்காமலே பின்வாங்கி, அவள் காலில் வந்து மோதிக்கொண்டது. பிடிநாய் அவளைத் தாண்டிப் பாய்ந்தது. மேஸ்திரி பாய்ந்தார். அவள் ரப்பர் சட்டையை நாயின் விலாவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். பன்றியின் கடைசிச் சத்தம் அவள் காதில் விழவே இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு நாணலை விலக்கிக்கொண்டு சூரப்புலி வந்தார். கையில் கத்தி இல்லை, போன் இருந்தது. "அடேயப்பா" என்றார். "எல்லாரும் அப்படியே ஒரு போஸ் குடுங்க. பிரின்ஸ், இங்க பாரு." பிரின்ஸ் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கியது. மேஸ்திரி ஈட்டியைத் துடைத்துக்கொண்டு, போட்டோவுக்கு முதுகைக் காட்டியபடி நடந்து போய்விட்டார். கறிக்கடைக்காரர் பிடிநாயைக் கயிற்றில் கட்டிவிட்டுத் தங்கை பக்கத்தில் வந்து குனிந்தார். சூரப்புலி செத்த பன்றியின் மேல் ஒரு பூட்ஸ் காலை வைத்து, தன்னைத்தானே எடுத்துக்கொண்டார்.

கால்நடை டாக்டர் தையல் போட்டார். தந்தம் இன்னும் ஒரு விரல் ஆழம் போயிருந்தால் குடல் வெளியே வந்திருக்கும் என்றார். கட்டோடு சுருட்டை வீட்டுக்கு வந்தது. திரைச்சீலைக் கடையில் கதை வேறு மாதிரி ஓடியது. சூரப்புலி பன்றிக்கு எதிரே கைக்கெட்டும் தூரத்தில் நின்றாராம். வீட்டுக்காரி ஆசைப்பட்டாளே என்று கடைசி நிமிஷத்தில் விட்டுக்கொடுத்தாராம். கேட்டவர்கள் கண்கலங்கி, கூட ஒரு செட் திரைச்சீலை வாங்கிப் போனார்கள்.

சுருட்டையின் முடி விலாவை மூடி வளர்ந்த சமயம், ஒரு சாயங்காலம் மேஸ்திரி போன் பண்ணினார். சூரப்புலிக்கு அல்ல, அவளுக்கு. வேறொரு காட்டில் பன்றி இறங்கியிருக்கிறது. "உன் நாயைக் கூட்டிட்டு வர்றியாம்மா?" என்றார்.

அவள் போனை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். சூரப்புலி சோபாவில் சாய்ந்து ட்ரோன் கேமரா வீடியோ ஒன்று பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நாளாக அவள் ஒரு சண்டையை மனசுக்குள் வார்த்தை வார்த்தையாகக் கோத்து வைத்திருந்தாள். பாலம், பழக்கடைக் குடை, நீலச் சட்டை, வரப்பு, எல்லாம் அதில் இருந்தது. இன்று கேட்டுவிடுவது என்றுதான் வந்தாள்.

"மேஸ்திரி கூப்பிட்டாரு. வேட்டைக்கு."

சூரப்புலி நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "என்னையா?"

"என்னை."

அவர் முகம் மாறியதை அவள் பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், இல்லை வருத்தமாவது, குறைந்தபட்சம் வெட்கமாவது. வந்தது நிம்மதி. பரீட்சை ரத்து என்று கேட்ட பள்ளிக்கூடப் பையன் முகம் எப்படி இருக்கும், அப்படி. அந்த முகத்தைப் பார்த்ததும் அவள் கோத்து வைத்திருந்ததெல்லாம் கையை விட்டு நழுவியது. இந்த ஆளிடம் போய்ச் சண்டை போடவா இத்தனை நாள் தயாரானோம் என்று அவளுக்கே கேவலமாக இருந்தது.

"இனிமே உங்களக் கூப்பிட மாட்டேன்" என்றாள்.

"வேட்டைக்கா?"

"எதுக்கும்."

சூரப்புலி கொஞ்ச நேரம் யோசித்தார். அதில் தனக்கு நஷ்டம் ஏதாவது இருக்கிறதா என்று எல்லாப் பக்கமும் தேடிப் பார்த்த மாதிரி இருந்தது. எதுவும் தட்டுப்படவில்லை போலிருக்கிறது.

"சரிம்மா" என்றார். தலையணையை முதுகுக்கு வாகாக இழுத்து வைத்துக்கொண்டு வீடியோவை விட்ட இடத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தார்.